மணல்பெட்டியைத் தவிர்க்கும் ஆண் பூனைக்குப் ‘பழக்கப் பயிற்சி’ விற்பவர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை

டர்பனிலும் அதைச் சுற்றியுள்ள சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், இசிபிங்கோ முதலிய பகுதிகளிலும் பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பூனை மணல்பெட்டியை விட்டுவிட்டு வீட்டில் கண்ட இடங்களில் சிறுநீர் கழிக்கிறது என்றால், அந்தப் பழக்கத்தை மாற்றித் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து முன்பணம் வாங்கிக்கொள்ளும் ஒருவரிடம் நாங்கள் ஏமாந்தோம். பணம் போனது சிறிய இழப்பு. அவர் சொன்னதை இன்னும் ஓர் இரவு கேட்டிருந்தால் பூனை இறந்திருக்கும். முறையீடு நடந்துகொண்டிருப்பதால் அவருடைய பெயரையோ அடையாளத்தையோ இங்கே எழுதவில்லை. அவர் கையாண்ட முறை தெரிந்தாலே இத்தகையவர்களை இனம் கண்டுகொள்ளலாம்.

எங்களுடையது கருத்தடை செய்த ஆண் பூனை. குரங்குக் கூட்டம் கூரைக்கூரையாகத் தாவித் திரியும் பகுதி என்பதால் அதை வெளியே விடுவதில்லை. தைப்பூசக் காவடிக்காக உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருந்த நாள்களில், அது அடிக்கடி மணல்பெட்டிக்குள் போய் நெடுநேரம் குந்தியிருப்பதும், ஒன்றும் கழிக்காமல் வெளியே வருவதும், பிறகு குளியலறைத் தரையிலும் கால்மிதியிலும் சில சொட்டுகளை விடுவதுமாக இருந்தது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் பலர் பரிந்துரைத்ததை நம்பி அந்த நபரை அழைத்தோம். நான் கண்ட அறிகுறிகளை ஒன்றுவிடாமல் அவருக்கு எழுதி அனுப்பினேன். அந்தச் செய்திகள் இன்றும் என்னிடம் இருக்கின்றன.

வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், மணல்பெட்டியைப் படம் எடுத்தார், ஆனால் பூனையின் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைசியாக எப்போது நன்றாகச் சிறுநீர் கழித்தது என்றும் கேட்கவில்லை. விருந்தினர் கூட்டம், சாம்பிராணிப் புகை, சன்னலுக்கு வெளியே குரங்குகள் ஆகிய மூன்றையும் காரணமாகச் சொல்லி, பூனை கோபத்தில் சிறுநீரைப் பீய்ச்சித் தன் எல்லையைக் குறிக்கிறது என்று முடிவு கூறினார். இந்த மூன்றுமே பூனைக்கு உண்மையில் மனஅழுத்தம் தரக்கூடியவை என்பதுதான் இந்த ஏமாற்றின் பலம். பொய்யை மட்டும் சொல்பவரைக் கண்டுகொள்வது எளிது. மெய்யான செய்திகளை வரிசையாக அடுக்கி, அவற்றின் முடிவில் தவறான ஒன்றை வைப்பவரை அப்படிக் கண்டுகொள்ள முடிவதில்லை.

3,400 ரேண்டுக்கு அவர் கொடுத்தவை: சிறுநீர்ப்பையைச் சுத்தப்படுத்தி மனத்தையும் அமைதிப்படுத்தும் என்று சொல்லப்பட்ட சொட்டு மருந்து ஒரு புட்டி, கடும் மணம் ஊட்டிய பூனை மணல் ஒரு மூட்டை, சுவரில் அடிக்கும் தெளிப்பான் ஒன்று. புட்டியின் மேல் தயாரிப்பாளர் பெயர் இல்லை, உட்பொருள்கள் இல்லை, பதிவு எண் இல்லை. அவற்றோடு அறிவுரைகளும் வந்தன. பூனையை மணல்பெட்டியுடன் சிறிய குளியலறையில் அடைத்து வைக்க வேண்டும். தண்ணீரைக் குறைத்தால் கண்ட இடத்தில் கழிப்பதும் குறையும். கால்நடை மருத்துவரிடம் போனால் ஊசி போட்டுப் பணம் பிடுங்குவார்கள், இது நோயே இல்லை. இவற்றில் தண்ணீரைக் குறைக்கச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் அடங்கவில்லை. சிறுநீர்ப்பைக் கோளாறு உள்ள பூனைக்கு மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர் எதிரானது.

மறுநாள் இரவு பூனை வாந்தி எடுத்தது, உணவைத் தொடவில்லை, அடிவயிற்றின் கீழே ஓயாமல் நக்கிக்கொண்டு முனகியது. அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். “அக்கா, மருந்து வேலை செய்யுது, அதான் அப்படிக் கத்துது. ரெண்டு நாள் பொறுங்க, கதவை மட்டும் திறந்துடாதீங்க” என்றார். என் தாயார் பூனையைத் தூக்கியபோது அடிவயிறு ஆரஞ்சுப் பழம் போலத் திரண்டு கெட்டியாக இருந்ததை உணர்ந்து, அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னார்.

இரவுநேர அவசர சிகிச்சை மையத்தில் பணியில் இருந்த மருத்துவர் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிட்டார். சிறுநீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மிக அதிகமாக இருந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையத் தொடங்கியிருந்தது. மயக்கம் கொடுத்து, குழாய் செருகி அடைப்பை நீக்கி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார்கள். சில நாள்கள் அங்கேயே வைத்திருந்துதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். சொட்டு மருந்துப் புட்டியை முகர்ந்து பார்த்த மருத்துவர், தேயிலை மர எண்ணெயின் வாடை வருகிறது என்று கூறி, அதை உடனே நிறுத்தச் சொன்னார். அத்தகைய எண்ணெய்களிலுள்ள பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதால் அவை பூனைக்கு நஞ்சாகின்றன.

ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். ஆண் பூனையின் சிறுநீர் வெளியேறும் குழாய் பெண் பூனையுடையதைவிட நீளமானது, மிகக் குறுகலானது. சளி போன்ற பொருளும் ஸ்ட்ருவைட் முதலிய நுண்படிகங்களும் சேர்ந்து அதை அடைத்துவிடக்கூடும். அடைத்தபின் சிறுநீரகத்தின் வேலை குலைந்து, கழிவுகளும் பொட்டாசியமும் இரத்தத்தில் தேங்குகின்றன. ஓரிரு நாள்களிலேயே மரணம் நேரலாம். எனவே ஆண் பூனை திரும்பத் திரும்பக் குந்துகிறது, சொட்டுச் சொட்டாகவே வருகிறது அல்லது எதுவுமே வரவில்லை, சிறுநீரில் இரத்தம் தெரிகிறது, முனகுகிறது, வாந்தி எடுக்கிறது என்றால், காலை வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மலச்சிக்கல் என்று எண்ணி வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிப்பவர்கள் பலர் உண்டு என்று அந்த மருத்துவர் வருந்தினார்.

எல்லை குறித்தல் என்பது வேறு. அதற்குப் பூனை பெரும்பாலும் நின்றபடியே வாலை உயர்த்தி, சுவர் போன்ற செங்குத்தான பரப்பில் பின்புறமாகப் பீய்ச்சும். எங்கள் பூனை தரையில் குந்திச் சொட்டியது. நான் எழுதி அனுப்பிய செய்தியிலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருந்தது. பூனைகளின் பழக்கத்தை அறிந்தவர் என்று சொல்லிக்கொள்பவர் இதைக் கவனிக்காமல் விட்டதற்கு மன்னிப்பே கிடையாது. வயதான பூனை திடீரென மிகுதியாகச் சிறுநீர் கழித்தால் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருக்கலாம். மூட்டுவலியுள்ள பூனை உயரமான விளிம்பு கொண்ட பெட்டிக்குள் ஏற முடியாமலும் வெளியே கழிக்கலாம். ஆக, முதல் வேலை உடல் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும்.

நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகு பெட்டியைக் கவனிக்கலாம். அதற்கு 3,400 ரேண்ட் தேவையில்லை. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாகவும், பூனை தாராளமாகத் திரும்பும் அளவு பெரியதாகவும், சலவை இயந்திரத்தின் இரைச்சல் இல்லாத இடத்திலும் இருக்க வேண்டும். மணமூட்டாத, நனைந்தால் கட்டியாகும் நுண்ணிய களிமண் வகையைப் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. கட்டிகளை நாள்தோறும் அள்ள வேண்டும். டர்பன் கோடையின் புழுக்கத்தில் ஒருநாள் விட்டாலும் நாற்றம் தாங்காது. கறைபட்ட இடத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால், சிறுநீர் வாடை என்று எண்ணிப் பூனை அங்கேயே திரும்பி வரும். நொதி கலந்த துப்புரவுத் திரவம் நல்லது. அடிப்பதும் அடைத்து வைப்பதும் அச்சத்தைக் கூட்டி, சிக்கலை வளர்க்கும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவத் தொழிலை 1982ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரே விலங்குக்கு நோய் கண்டறிந்து மருத்துவம் செய்யலாம். ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை மன்றத்திடமே கேட்டு அறியலாம். விலங்குகளுக்கென மருத்துவர் சீட்டில்லாமல் விற்கப்படும் மருந்துகளும் பைகளில் வரும் பூனை உணவும் 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டியவை. அந்தப் பதிவு எண் மேலுறையில் அச்சிடப்பட்டிருக்கும். எண் இல்லாத புட்டியைப் பூனையின் வாயருகே கொண்டுபோகாதீர்கள். இவற்றோடு, 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தரமான சேவை பெறும் உரிமையை அளிக்கிறது. சேவை குறையுள்ளதாக இருந்தால், குறையைச் சரிசெய்யவோ கட்டணத்தில் உரிய பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கலாம்.

அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பூனையை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பயிற்சியை நடுவில் நிறுத்தியது நாங்கள்தான் என்று பதில் எழுதிவிட்டு, எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். வங்கிப் பரிமாற்றச் சான்று, வாட்ஸ்அப் உரையாடல், புட்டியின் படங்கள், மருத்துவமனை அறிக்கை ஆகியவற்றை இணைத்து, மருந்து கொடுத்தது குறித்துக் கால்நடை மருத்துவ மன்றத்துக்கும், கட்டணம் குறித்து நுகர்வோர் பொருள்கள் மற்றும் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளருக்கும் எழுதியிருக்கிறோம். இதே போன்ற அனுபவம் உங்களுக்கும் நேர்ந்திருந்தால் உரையாடல்களை அழித்துவிடாதீர்கள், புட்டியையும் எறிந்துவிடாதீர்கள். இரண்டு இடங்களுக்கும் நீங்களும் தனித்தனியே முறையிடுங்கள்.