முதுகில் சுமந்த ரேடியோக்கள்: எந்த செட் யாரோடு பேசியது?

ராணுவ வீரர்கள் தூக்கிச் சென்ற ரேடியோக்களை ஒப்பிட உட்கார்ந்தால் முதலில் எல்லோரும் பார்ப்பது தூரத்தை. எத்தனை கிலோமீட்டர் எட்டும்? அப்புறம் எடை. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அமெரிக்க ராணுவத்தின் செட்களை 1940-களில் இருந்து வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு அவற்றைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொரு கேள்வி: இந்த செட்டைக் கையில் வைத்திருப்பவர் யார் யாரோடு பேசலாம்? பக்கத்தில் நிற்கும் டாங்கியோடு பேச முடியாத ரேடியோ ஐந்து கிலோமீட்டர் எட்டி என்ன பயன்?

இரண்டாம் உலகப் போரின் இரண்டு செட்களில் இருந்து தொடங்கலாம்: எஸ்.சி.ஆர்-536, எஸ்.சி.ஆர்-300. இரண்டையும் உருவாக்கியது சிகாகோவின் கால்வின் நிறுவனம்தான், பிற்பாடு மோட்டோரோலா ஆனதே, அதுதான். 536 கையில் பிடித்துப் பேசும் செட். ஐந்து வால்வுகள் (ட்ரான்சிஸ்டர் வருவதற்கு முன் சிக்னலைப் பெருக்கிய குழாய்கள்), பேட்டரியோடு சேர்த்து சுமார் 2.3 கிலோ. ஏரியலை வெளியே இழுத்தால் செட் ஆன், உள்ளே தள்ளினால் ஆஃப். தனி சுவிட்ச் கிடையாது. பதற்றமான நேரத்தில் இதைவிட எளிய ஏற்பாடு இருக்க முடியாது. ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது.

அதன் பலவீனம் அந்த ஏரியலிலேயே இருந்தது. 3.5 முதல் 6 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால் அலைநீளம் 50 முதல் 85 மீட்டர் வரை வரும். அதற்குச் சுமார் ஒரு மீட்டர் கம்பி எம்மாத்திரம்? செட் தரும் மூன்றில் ஒரு வாட் சக்தியில் பெரும்பகுதி வெளியே போகாமலே வீணாகும். தரையில் ஒன்றரை கிலோமீட்டர் எட்டினால் பெரிது. உப்புநீர்ப் பரப்பின் மேல் ஐந்து கிலோமீட்டர் வரை போனது. அலைவரிசையும் ஒன்றே ஒன்றுதான். அதை மாற்ற வேண்டுமானால் பெட்டியைத் திறந்து, அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல்களையும் காயில்களையும் மாற்றி, திரும்ப ட்யூன் செய்ய வேண்டும். அது மெக்கானிக்கின் வேலை. களத்தில் இருப்பவர் கொடுத்த அலைவரிசையோடு இருக்க வேண்டியதுதான்.

முதுகில் சுமக்கும் எஸ்.சி.ஆர்-300 வேறு ரகம். பொறியாளர் டேனியல் நோபிள் தலைமையில் உருவான இந்த செட்டில் 18 வால்வுகள். பேட்டரியைப் பொறுத்து எடை 14 முதல் 17 கிலோ வரை. 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரை 41 சேனல்கள், எஃப்.எம். முறை, அதாவது அலையின் அதிர்வெண்ணை மாற்றிக் குரலை ஏற்றும் முறை. இங்கே அலைநீளம் ஆறு, ஏழு மீட்டர்தான் என்பதால் மூன்றேகால் மீட்டர் நீள ஏரியல் கிட்டத்தட்ட அரை அலைநீளத்துக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் அரை வாட்டுக்கும் குறைவான சக்தியில் நிலத்திலேயே ஐந்து கிலோமீட்டர் போக முடிந்தது. என்ஜின் ஸ்பார்க்கின் கரகரப்பை எஃப்.எம். பெருமளவு ஒதுக்கிவிடும். சிக்னல் வராதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் வசதி இருந்ததால், மணிக்கணக்கில் காதில் வைத்துக் கேட்டாலும் ஆபரேட்டர் சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஹென்ரிக் மக்னுஸ்கி வடிவமைத்த ட்யூனிங் முறையில் ஒரே டயலைத் திருப்பினால் ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் சேர்ந்தே நகரும். ரேடியோ என்ற அளவில் 300-க்கே என் ஓட்டு.

ஆனால் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. அலைவரிசை வேறு, முறையும் வேறு: 536 ஏ.எம். (அலையின் வீச்சை மாற்றிக் குரலை ஏற்றுவது), 300 எஃப்.எம். தனக்குக் கீழே உள்ள சிறு பிரிவுகளான பிளாட்டூன்களோடு பேச 536, மேலே உள்ள பெரிய பிரிவான பட்டாலியனோடு பேச 300 என்று கம்பெனித் தலைமையகம் இரண்டையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிரிட்டிஷார் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள். அவர்களுடைய 18-ஆம் எண் செட் 6 முதல் 9 மெகாஹெர்ட்ஸ், சிறிய 38-ஆம் எண் செட் 7.4 முதல் 9.2. இரண்டும் ஏ.எம். பொதுவான பகுதியில் வைத்தால் சின்ன செட் பெரிய செட்டோடு நேராகவே பேசலாம். திட்டமிட்டதில் அவர்கள் ஒரு படி மேல். ஆனால் அந்த அலைவரிசைகளில் இரவானால் தொலைதூர நிலையங்கள் எல்லாம் வந்து நெரிக்கும். கடைசியில் அவர்களும் எஸ்.சி.ஆர்-300-ஐப் பார்த்து 31-ஆம் எண் செட்டைச் செய்துகொண்டார்கள்.

இன்னும் மோசமான பிளவு காலாட்படைக்கும் டாங்கிகளுக்கும் இடையே இருந்தது. டாங்கியில் இருந்த எஸ்.சி.ஆர்-508 வேலை செய்தது 20 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரை. காலாட்படையின் 300 தொடங்குவதே 40-இல். 1944-இல் நார்மண்டியின் வேலிப்புதர்ப் பகுதியில், எதிரியின் மெஷின்கன் எங்கே இருக்கிறது என்று பத்தடி தூரத்தில் நிற்கும் டாங்கிக்குச் சொல்ல வழியில்லை. டாங்கியின் பின்புறத்தில் ஒரு பெட்டியில் டெலிபோனைப் பொருத்தி, வீரர் அதன் பின்னால் பதுங்கி நின்று உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டி வந்தது. டாங்கிக்குள் வைக்க 300-இன் ஒரு வடிவமும் தயாரானது, வி.ஆர்.சி-3 என்ற பெயரில்.

இத்தனை பட்ட பிறகும் அடுத்த தலைமுறையில் அதே பிளவைத் தொடர்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். கொரியப் போர்க் கால செட்களில் கைக்கு பி.ஆர்.சி-6, முதுகுக்கு பி.ஆர்.சி-8, 9, 10. கை செட்டும் எஃப்.எம். ஆகிவிட்டது. 47 முதல் 55.4 வரை போவதால் காலாட்படையின் பி.ஆர்.சி-10-ஓடு நேராகப் பேசலாம். இது நல்ல முன்னேற்றம். ஆனால் 8, 9, 10 மூன்றும் ஒரே பெட்டி, ஒரே தோற்றம், உள்ளே அலைவரிசை மட்டும் வேறு: டாங்கிப் படைக்கு 20 முதல் 27.9, பீரங்கிப் படைக்கு 27 முதல் 38.9, காலாட்படைக்கு 38 முதல் 54.9. அடுத்தடுத்த இரண்டுக்குப் பொதுவாக ஒரு மெகாஹெர்ட்ஸ் அளவே இடம். 8-க்கும் 10-க்கும் அதுவும் கிடையாது. மூன்று வகைகளில் எது சிறந்தது என்று இங்கே கேட்பதே வீண், மூன்றாகப் பிரித்ததே பிழை.

அதை முடித்து வைத்தது 1960-களில் வந்த பி.ஆர்.சி-25. 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை, 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 920 சேனல்கள். பி.ஆர்.சி-10-இல் டயலைச் சரிபார்த்துத்தான் ட்யூன் செய்ய வேண்டும். 25-இல் இரண்டு குமிழ்கள்: ஒன்று மெகாஹெர்ட்ஸுக்கு, மற்றது கிலோஹெர்ட்ஸுக்கு. திருப்பினால் 'டக் டக்' என்று படிப்படியாக நகரும். இருட்டில் படிகளை எண்ணியே வேண்டிய சேனலுக்குப் போய்விடலாம். காலாட்படை, பீரங்கி, டாங்கி என்று இனித் தனித்தனி செட் வேண்டாம். கைவிடப்பட்டது 30-க்குக் கீழே இருந்த பழைய பகுதி. பழைய பி.ஆர்.சி-8 வைத்திருந்தவர்களோடு தொடர்பு அறுந்தது. அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

25-இல் கடைசியாகச் சக்தி கூட்டும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு வால்வு மிச்சம் இருந்தது. மற்றதெல்லாம் ட்ரான்சிஸ்டர். அந்த ஒன்றுக்காகவே பேட்டரியில் தனியாக 3 வோல்ட் இணைப்பு. 1968-இல் வந்த பி.ஆர்.சி-77 அந்த வால்வையும் எடுத்துவிட்டது. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். பேட்டரி அதிக நேரம் வந்தது, ஒட்டுக்கேட்பவருக்குப் புரியாதபடி பேச்சை மறைகுறியாக்கும் கே.ஒய்-38 கருவியை இணைக்கவும் வழி இருந்தது. தனியாக எடுத்தால் 77 தெளிவாகவே மேல். கே.ஒய்-38-ஓடு சேர்த்தால் சுமை 24 கிலோவைத் தாண்டிவிடும். வியட்நாமின் வெயிலில் அதைச் சுமந்துகொண்டு காட்டில் நடப்பது யாரால் முடியும்? பல பிரிவுகள் அதை விட்டுவிட்டு வெளிப்படையாகவே பேசின. அதோடு, மறைகுறிக் கருவி இல்லாதவரிடம் பேச அதைக் கழற்றியோ அணைத்தோதானே ஆக வேண்டும்? விலகியிருந்த பழைய பிரிவினை வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது.

அதே காலத்தில் சிறு குழுக்களுக்காக ஹெல்மெட்டில் மாட்டும் பி.ஆர்.ஆர்-9 ரிசீவரும் கையில் பிடிக்கும் பி.ஆர்.டி-4 டிரான்ஸ்மிட்டரும் ஜோடியாக வந்தன. ரிசீவர் மட்டும் உள்ளவர் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

77-க்குப் பின் வந்த சின்கார்ஸ் குடும்பத்தில் முதுகு செட் பி.ஆர்.சி-119. 30 முதல் 87.975 மெகாஹெர்ட்ஸ் வரை 2,320 சேனல்கள். நொடிக்கு நூறு முறைக்கு மேல் அலைவரிசை தாவும் என்பதால் எதிரி ஒட்டுக்கேட்பதும் குறுக்கிடுவதும் கடினம். ஆனால் தாவும் முறையில் எல்லா செட்களின் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டும், தாவும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அந்த ஆள் வெளியே. இதை முன்கூட்டியே நினைத்து, தாவாமல் ஒரே சேனலில் நின்று பேசும் முறையையும் விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் பழைய 77-ஓடும் பேசலாம். இந்த செட்டின் மையப் பெட்டியில் இரண்டு வகை: ஆரம்பகால ஆர்.டி-1439-க்கு மறைகுறிக் கருவியைத் தனியாக வெளியே இணைக்க வேண்டும். பின்னால் வந்த ஆர்.டி-1523-இல் அது பெட்டிக்குள்ளேயே அடக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் யோசிக்காமல் 1523-ஐ எடுப்பேன். சுமையாக இருந்தால் கழற்றி வைத்துவிடலாம் என்ற நிலை அதில் இல்லை.