முகமா, குரலா, மூச்சா?

ஒரு பாடகரின் வாழ்க்கையைப் படமாக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் நாம் செய்கிற முதல் வேலை, நடிகரின் ஃபர்ஸ்ட் லுக்கையும் பாடகரின் பழைய புகைப்படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். அச்சு அசல் என்று ஒரு கூட்டம் சொல்லும், மூக்கே சரியில்லை என்று இன்னொரு கூட்டம் சொல்லும். படம் வெளிவருவதற்குள் தீர்ப்பு எழுதி முடித்திருப்போம். நானும் வெகுநாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வகைப் படங்களை ஒன்றுவிடாமல் பார்த்ததில் என் எண்ணம் மாறிவிட்டது. முக ஒற்றுமை பத்து நிமிடம் தாங்கும். அதற்கப்புறம், அந்தக் குரல் இந்த உடம்பிலிருந்துதான் வருகிறது என்று நம்மால் நம்ப முடிகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைப் பேசுவதற்குத் தோதாக, அடுத்தடுத்த வருடங்களில் வெளியான சில ஜோடிப் படங்கள் இருக்கின்றன. முதல் ஜோடி 2018-இல் வந்த 'பொஹீமியன் ராப்சடி', 2019-இல் வந்த 'ராக்கெட்மேன்'. ஒன்று ஃப்ரெடி மெர்க்குரி, மற்றது எல்டன் ஜான். முதல் படத்தின் இயக்குநர் பாதியில் நீக்கப்பட்டபோது மிச்சத்தை முடித்துக்கொடுத்த டெக்ஸ்டர் ஃப்ளெட்சர்தான் இரண்டாவது படத்தின் இயக்குநர். அதனால் ஒப்பிடுவது இன்னும் சுவாரஸ்யம்.

ஃப்ரெடியாக நடித்த ராமி மாலெக்குக்குப் பொய்ப்பல் வரிசை செய்து மாட்டினார்கள். ஃப்ரெடிக்கு வாயில் கூடுதலாக நான்கு பற்கள். அவை முன்பற்களை வெளியே தள்ளியிருந்தன. மாலெக் படப்பிடிப்புக்கு வெகு முன்பே அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு பழகினார். அசைவுகளுக்கென்றே தனிப் பயிற்சியாளர் வைத்துக்கொண்டார். 1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளி அரங்கில் நடந்த லைவ் எய்ட் நிகழ்ச்சியை, பியானோ மேல் இருந்த பெப்சி கோப்பைகள் வரை அப்படியே மறுபடி நிறுத்தினார்கள். அடிப்பாகம் இல்லாத அந்தப் பாதி மைக் தண்டை மாலெக் சுழற்றுவதும், தோளை நிமிர்த்தி முஷ்டியை உயர்த்துவதும் கண்ணை எடுக்க முடியாதபடி இருக்கும். குரல் மட்டும் அவருடையது கிடையாது. ஃப்ரெடியின் பழைய பதிவுகள், மார்க் மார்ட்டெல் என்ற கனடியப் பாடகரின் குரல், மாலெக்கின் குரல் கொஞ்சம் என்று மூன்றையும் கலந்திருந்தார்கள்.

டாரன் எகர்டனோ எல்டன் ஜானைப் போல அவ்வளவாக இருக்கமாட்டார். முன்தலை முடியைக் குறைத்தார்கள், பல்லில் இடைவெளி காட்டினார்கள், கண்ணாடி போட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பாட்டெல்லாம் அவரே பாடினார். எல்டன் மாதிரி மிமிக்ரி செய்யவும் இல்லை. தன் தொண்டையை வைத்துக்கொண்டு எல்டனின் பாட்டைப் பாடினார்.

விருதுகளைப் பார்த்தால் மாலெக் ஜெயித்தார். அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது; எகர்டனின் பெயர் ஆஸ்கர் பரிந்துரையில்கூட வரவில்லை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காரணம் இரண்டு படங்களின் கடைசி நிமிடங்களிலேயே இருக்கிறது. 'பொஹீமியன் ராப்சடி' முடிந்து பெயர்கள் ஓடும்போது உண்மையான ஃப்ரெடி திரையில் வருகிறார். வந்த அந்த நொடியிலேயே, இரண்டு மணி நேரமாக நாம் நம்பிக்கொண்டிருந்த முகம் கரைந்துபோய்விடுகிறது. அசலுக்கு அருகில் நகல் நிற்க முடியவில்லை. 'ராக்கெட்மேன்' முடியும்போதும் எல்டனின் பழைய படங்களையும் எகர்டனின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறார்கள். இங்கே எதுவும் கரையவில்லை. எகர்டன் நகலாக நிற்கவே முயலாததால் அசல் வந்து அவரைத் தோற்கடிக்க வழியில்லை.

இதில் மாலெக்கின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. மேடை அசைவுகளில் அவர் செய்தது பெரிய காரியம். கேமரா தள்ளி நிற்கும்போதெல்லாம் அவர்தான் ஃப்ரெடி. முகத்துக்கு நெருக்கமாக வரும்போதுதான் பல்லும் மீசையும் முன்னால் வந்து நிற்கின்றன.

குரல் விஷயத்தை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். பாடுகிற யாரையாவது கவனித்துப் பாருங்கள். வரி தொடங்குவதற்கு அரை விநாடி முன்னால் மூச்சு உள்ளே போகும். கழுத்துக் குழி உள்வாங்கும். விலா எலும்பு விரியும். உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது தாடை இறங்கும், கழுத்து நரம்பு தெரியும். நீண்ட வரியின் கடைசியில் காற்று தீர்ந்துபோய்க் கண் சுருங்கும். உதட்டசைவு மட்டும் கச்சிதமாகப் பொருந்தி இந்த மூச்சு இல்லாமல் போனால், நமக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கும். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' யாருடைய வாழ்க்கை வரலாறும் இல்லைதான். ஆனாலும் இந்தப் பேச்சில் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாதஸ்வரம் வாசித்தது எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் கன்னமும் விரலும் மூச்சும் சிவாஜியுடையவை. இன்றைக்குப் பார்த்தாலும் வாசிப்பது அவர்தான் என்று தோன்றுகிறது. ஆக, இரவல் ஒலி தப்பு என்று நான் சொல்லவரவில்லை. இரவல் ஒலிக்குச் சொந்த மூச்சு வேண்டும்.

அதை நிரூபிக்கிற ஜோடி 2004-இல் வந்த 'ரே', 2005-இல் வந்த 'வாக் தி லைன்'. 'ரே' படத்தில் பெரும்பாலும் ஒலிப்பது பார்வையற்ற பாடகர் ரே சார்ல்ஸின் சொந்தக் குரல். ஆனால் அவராக நடித்த ஜேமி ஃபாக்ஸ் சின்ன வயதிலிருந்து பியானோ கற்றவர். கல்லூரிக்கே பியானோ உதவித்தொகையில் போனவர். படப்பிடிப்புக்கு முன் ரே சார்ல்ஸே அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். திரையில் விரல்கள் பொய் சொல்லவில்லை. அதோடு கண்ணிமைகளை ஒட்டிவிட்டு, நாள் முழுக்க எதையும் பார்க்க முடியாமலே நடித்தார். அதனால்தான் தலை ஒருபக்கம் சாய்வதும், சத்தம் வரும் திசைக்குத் தோள் திரும்புவதும் நடிப்பாகத் தெரிவதில்லை. படம் வெளிவருவதற்குச் சில மாதங்கள் முன்னால், 2004 ஜூனில், ரே சார்ல்ஸ் காலமாகிவிட்டார்.

'வாக் தி லைன்' நேர் எதிர் வழி. ஜானி காஷ் ஆறடிக்கு மேல் உயரம், ஆழமான அடிக்குரல். வாக்கீன் ஃபீனிக்ஸிடம் இரண்டுமே கிடையாது. அவரும் காஷின் காதலி ஜூன் கார்ட்டராக நடித்த ரீஸ் விதர்ஸ்பூனும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துத் தாங்களே பாடினார்கள். ஃபீனிக்ஸின் குரல் காஷ் குரலின் ஆழத்தைத் தொடவில்லை. ஆனால் இருவரும் ஒரே மைக்கில் பாடும்போது ஒருவர் மூச்சுக்கு இன்னொருவர் காத்திருப்பது தெரிகிறது. அந்தக் காதல் கதைக்கு அதுதானே தேவை? இந்த ஜோடியில் நான் தீர்ப்பு சொல்ல விரும்பவில்லை. ரே சார்ல்ஸின் குரலுக்கு மாற்று கிடையாது, அதை அப்படியே விட்டது சரி. காஷ் படம் இரண்டு பேரின் உறவைச் சொல்கிற படம். அங்கே சொந்தக் குரல் சரி.

பிரெஞ்சுப் பாடகி எதீத் பியாஃபின் படமும் 'ரே' வகையில்தான் சேரும். மரியோன் கோத்தியார் அவரைவிடக் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் உயரம். புருவத்தை மழித்து, முன்தலையை மழித்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடித்தார். பாட்டு பெரும்பாலும் இரவல். ஆனால் அந்தக் கூனலில் மூச்சு இருந்தது.

மூன்றாவது ஜோடி எல்விஸ். 2022-இல் ஆஸ்டின் பட்லர், 2023-இல் ஜேக்கப் எலார்டி. பட்லர் இளவயது எல்விஸின் பாட்டைத் தானே பாடினார். பிற்காலப் பாட்டுகளுக்கு எல்விஸின் குரலையே எடுத்துக்கொண்டார்கள். முகம் அப்படியொன்றும் உரித்து வைத்த மாதிரி இல்லை. இடுப்பும் முழங்காலும் பேச்சும் சேர்ந்து அவரை எல்விஸ் ஆக்கின.

எலார்டிக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. 'ப்ரிஸில்லா' படத்துக்கு எல்விஸ் பாட்டுகளைப் பயன்படுத்த அனுமதியே கிடைக்கவில்லை. பாட்டில்லாத எல்விஸ்! போதாக்குறைக்கு எலார்டி எல்விஸைவிட நல்ல உயரம். ப்ரிஸில்லாவாக நடித்த கெய்லி ஸ்பேனி அவருக்குப் பக்கத்தில் ஓரடிக்கு மேல் குள்ளம். படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு இது பிழையான தேர்வு. ஆனால் கதையை யோசியுங்கள். 1959-இல் இருவரும் சந்தித்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது 14. அவர் வாசலில் நின்றால் வெளிச்சமே மறைந்துவிடுகிறது. அவள் எப்போதும் அண்ணாந்துதான் பார்க்கிறாள். உண்மையில் அவ்வளவு இல்லாத அந்த உயர வித்தியாசம், உண்மையில் இருந்த அதிகார வித்தியாசத்தைக் கண்முன் நிறுத்துகிறது. ஒற்றுமை இல்லாமலேயே உண்மை சொன்ன தேர்வு என்று நான் இதைத்தான் சொல்வேன். மேடைக்காக என்றால் பட்லர் படத்தை மறுபடி பார்ப்பேன். அந்த மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படியிருந்திருக்கும் என்று தெரிய எலார்டி படம்தான்.

அப்படியானால் முகம் பொருட்டே இல்லையா? இருக்கிறது, ஓர் இடத்தில் ரொம்பவே இருக்கிறது. 2016-இல் வந்த 'நினா' படத்தில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகி நினா சிமோனாக ஸோயி சல்டானா நடித்தார். தோலுக்குக் கறுப்பு பூசி, மூக்கை ஒப்பனையில் அகலமாக்கி நடிக்கவைத்தார்கள். சல்டானா பாடவும் செய்தார். ஆனால் நினா சிமோன் தன் நிறத்தையும் மூக்கையும் உதட்டையும் இழிவாகப் பார்த்த ஒரு சமூகத்தின் முன்னால் நின்று பாடியவர். அந்த முகத்துக்காகவே வாய்ப்பு மறுக்கப்படும் பெண்கள் எத்தனையோ பேர் இருக்க, அதையே டப்பாவில் எடுத்துப் பூசியது என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம். சல்டானாவே 2020-இல் மன்னிப்புக் கேட்டார். முகம் ஒருவரின் பாட்டுக்கே காரணமாக இருந்தால் அதை ஒப்பனையில் வாங்க முடியாது.

ரத்த உறவு என்று ஒரு வழியும் இருக்கிறது. 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' படத்தில் ராப் பாடகர் ஐஸ் க்யூபாக அவருடைய மகனே நடித்தார். முறைத்துப் பார்க்கும் அந்த நெற்றி அப்பாவுடையது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடும்பமே உள்ளே இருக்கும்போது கதையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

மறுகோடியில், ஒற்றுமையை மொத்தமாகக் கைவிட்டவர்கள். பாப் டிலனுக்கு ஆறு நடிகர்களைப் போட்டார் டாட் ஹேன்ஸ், 2007-இல். அதில் ஒருவர் சின்னப் பையன், ஒருவர் கேட் ப்ளான்செட் என்ற பெண். ஆறு பேரில் டிலனை அப்படியே கண்முன் கொண்டுவந்தது அந்தப் பெண்தான். சிகரெட் பிடிக்கும் விரல், நடையில் ஒரு துள்ளல், கேள்விக்குப் பதில் சொல்லாமல் முகவாயைத் தூக்குவது. 2024-இல் டிலனாக நடித்த டிமோத்தி ஷாலமே வருடக்கணக்கில் கிடாரும் ஹார்மோனிகாவும் கற்று, தானே பாடினார். அதுவும் எனக்குப் பிடித்தது. இருந்தாலும் டிலன் என்றதும் கண்ணில் வருவது ப்ளான்செட்டின் அந்த நடைதான்.

சரி, முகத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எல்லாமே கூடிவந்த படம் ஒன்றும் இல்லையா என்றால், 1980-இல் வந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' இருக்கிறது. அது அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி லொரெட்டா லின்னின் கதை. அவர் வேடத்துக்கு யார் வேண்டும் என்று அவரையே கேட்டார்கள். ஒரு கட்டுப் புகைப்படங்களைப் புரட்டிப் பார்த்து, சிஸி ஸ்பேஸெக்கின் படத்தைக் காட்டி இவள்தான் என்றார். ஸ்பேஸெக் ஒப்புக்கொள்வதற்கு முன்பே தொலைக்காட்சியில் அறிவித்தும்விட்டார். ஸ்பேஸெக் அவரோடு கூடவே இருந்து, அவர் பேசுவதையும் பாடுவதையும் கேட்டுக் கேட்டுப் பழகி, படத்தில் லொரெட்டாவின் பாட்டுகளையெல்லாம் தானே பாடினார்.