தீர்த்தமாடும்போது காது மிஷினை எங்கே வைப்பது? நான் வாங்கிய ஈரம் உறிஞ்சும் டப்பாவும் கயிறும்

மதுரையில் வேலையில் இருந்த காலத்தில், காதுக்குப் பின்னால் மாட்டும் என் இரண்டு கேட்கும் கருவிகளையும் இரவில் கழற்றி, அவை வந்த பெட்டியிலேயே வைத்துவிடுவேன். அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. ஓய்வு பெற்று உச்சிப்புளிக்குத் திரும்பிய முதல் கோடையிலேயே வலக்காதுக் கருவி விட்டுவிட்டுக் கேட்கத் தொடங்கியது. பழுது பார்த்தவர், பேட்டரியைத் தொடும் தகட்டில் பச்சை பூத்திருப்பதைக் காட்டினார். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பையே விடாமல் அரித்துவந்த காற்று இது. பட்டாணி அளவுப் பேட்டரியின் மெல்லிய தகட்டை மட்டும் விட்டுவைக்குமா என்ன? அன்றே 450 ரூபாய்க்கு ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றும், 150 ரூபாய்க்குச் சட்டையில் மாட்டும் கயிறு ஒன்றும் வாங்கினேன். மதுரை உறவினர்களோடு மூன்று நாள் இராமேசுவரத்தில் தங்கியபோதுதான் இரண்டின் தரமும் எனக்கு முழுமையாகத் தெரிந்தது.

டப்பா உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். திருகு மூடியின் அடியில் ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளே ஒரு சல்லடைத் தட்டும், அதன் கீழே ஆரஞ்சு நிறச் சிலிக்கா மணிகளும் இருக்கின்றன. மணிகள் ஈரத்தைக் குடிக்கக் குடிக்கக் கரும்பச்சையாக மாறும். மின்சாரத்தில் இயங்கும் உலர்த்திகளும் கடைகளில் கிடைக்கின்றன என்றாலும், வண்டியிலும் தங்கும் விடுதியிலும் பிளக் தேடி அலைய வேண்டாத இந்த எளிய டப்பாவே வெளியூர் போகிறவருக்கு ஏற்றது என்பது என் கருத்து.

இராமேசுவரத்தில் முதலில் அக்னி தீர்த்தத்தில் கடலாடிவிட்டு, பிறகு கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் நீராடுவது வழக்கம். ஒவ்வொரு கிணற்றிலும் வாளி நீரைத் தலையிலேயே ஊற்றுவார்கள். என் கருவியின் அட்டையில் தூசும் தண்ணீரும் புகாமல் காக்கும் தரத்தைச் சொல்லும் ஐபி68 என்ற குறியீடு அச்சிட்டிருப்பதால் நனைந்தாலும் பாதகமில்லை என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்தக் குறியீட்டுக்கான சோதனை நல்ல தண்ணீரில் செய்யப்படுவது. கடல்நீரின் உப்பு உள்ளே தங்கி அரிப்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. எனவே கடற்கரைக்குப் போகும் முன்பே இரண்டையும் கழற்றித் துடைத்து, பேட்டரிகளை எடுத்துவிட்டு, டப்பாவில் வைத்து மூடினேன். "டப்பாவ எங்கிட்ட குடுங்க, நான் பெறகு குளிச்சுக்கிறேன்" என்று என் மனைவி வாங்கி வைத்துக்கொண்டாள். கருவி இல்லாத அந்த நேரம் முழுவதும் எனக்கு எந்த அறிவிப்பும் கேட்காது. ஈரக் கற்தரையில் கூட்டத்தோடு நடக்க வேண்டும். ஆகவே தங்கை மகன் என் இடப்பக்கமே நடப்பது என்றும், நிற்க வேண்டுமானால் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவது என்றும் முன்னதாகவே பேசிவைத்திருந்தோம். கருவியைப் பாதுகாக்க முனைபவர்கள், அதைக் கழற்றிய மனிதரையும் யாராவது பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அன்று உணர்ந்தேன். தலை துவட்டி, உடை மாற்றி, காதின் உட்புறம் நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் மாட்டினேன். சந்நிதி மணியோசை தெளிவாகக் கேட்டது.

கயிற்றின் அருமையை மறுநாள் தனுஷ்கோடியில் கண்டேன். அரிச்சல்முனையில் காற்று ஓயாமல் வீசும்; கண்ணாடியைக் கழற்றும்போது இடக்காதுக் கருவி அதன் கம்பியோடு சேர்ந்து வந்துவிட்டது. கயிறு சட்டைக் காலரில் கவ்வியிருந்ததால் அது மார்பில் தொங்கியதே தவிர மணலில் விழவில்லை. அந்த மணலில் விழுந்த கருவி கைக்குக் கிடைத்தாலும், ஒலிவாங்கித் துளைகளில் புகுந்த பொடி மணலை வீட்டில் எடுக்க முடியாது. ஒரே குறை, கயிற்றின் நுனி வளையம் காது மடலில் சற்று உரசுகிறது.

டப்பாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். மூடி கறுப்பு நிறமாக இருப்பதால் மணிகளின் நிறத்தைப் பார்க்க ஒவ்வொரு முறையும் திறக்க வேண்டியிருக்கிறது. திறக்கும்தோறும் கடற்காற்று உள்ளே போகிறது. மாதக்கணக்கில் உழைக்கும் என்று சொல்லி விற்ற மணிகள் எங்கள் ஊரில் மூன்றே வாரத்தில் பச்சையாகிவிடுகின்றன. சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம் என்று டப்பாவோடு வந்த தாளில் போட்டிருந்தபடி, அதற்கென ஒதுக்கிய வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டினேன். ஆரஞ்சு நிறம் திரும்பியது. கருவியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடுப்பருகிலோ வெயிலிலோ முடி உலர்த்தும் கருவியின் அனலிலோ காட்டக்கூடாது.

அந்தத் தாள் சொல்லாமல் விட்டது பேட்டரியைப் பற்றி. துத்தநாகக் காற்று பேட்டரி, ஸ்டிக்கரை உரித்ததும் காற்றை வாங்கி வேலை செய்வது. அதை இந்த டப்பாவுக்குள் விட்டால் அதனுள் இருக்க வேண்டிய ஈரமும் வற்றி, ஆயுள் குறைந்துவிடும். ஆகவே பேட்டரியைத் தனிச் சிமிழில் வைத்து, கருவியின் பேட்டரிக் கதவைத் திறந்தபடியே டப்பாவில் இட வேண்டும். சில்லறைக் காசோடு அதே பையில் போட்டால் உலோகம் உரசிப் பேட்டரி தீர்ந்துபோகும். குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. சார்ஜ் ஏற்றும் வகைக் கருவி வைத்திருப்பவர்களுக்கு, இரவில் அது பெரும்பாலும் சார்ஜரில் இருப்பதால், இந்த டப்பாவின் பயன் பகலில் கழற்றி வைக்கும் நேரத்துக்கு மட்டுமே.

இப்போது புது மணிகள் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்தில் கடலாடப் போகும்போதும் இதே டப்பாதான் என் மனைவியின் பையில் இருக்கும்.