சக்குலன்ட் இலைத் தொகுப்பு வாங்குவோர் கவனத்திற்கு: என் 2,850 ரூபாய் போனது

சதைப்பற்றான தடித்த இலைகள் கொண்ட சக்குலன்ட் செடிகளை வீட்டிலேயே இலையிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்து, சமூக ஊடகப் பக்கம் ஒன்றில் இலைகளைத் தொகுப்பாக விற்கும் ஒருவரிடம் 2,850 ரூபாய் கொடுத்து ஏமாற்றப்பட்டிருக்கிறேன். பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற பதில் இன்று காலை வந்தது. அதற்கு மறுமொழி எழுதுவதற்குள் என் எண்ணையும் முடக்கிவிட்டார். இன்னொருவர் அவரிடம் பணம் கட்டிவிடக் கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன்.

அவர்மேல் நம்பிக்கை வரக் காரணம், அவர் அனுப்பிய காணொளி. எச்செவேரியா என்ற சக்குலன்ட் வகையின் இலையைத் தண்டிலிருந்து இடமும் வலமுமாக மெல்ல அசைத்து, அடிப்பகுதி சிறிதும் கிழியாமல் கழற்றிக் காட்டியிருந்தார். புது வேரும் குருத்தும் புறப்படுவது அந்த அடிநுனியிலிருந்துதான். அது தண்டிலேயே தங்கிவிட்டால் மீதி இலை எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் முளைக்காது. தொழில் தெரிந்தவர் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். இதய வடிவ இலை கொண்ட ஹோயா கெர்ரி என்ற கொடி தனி இலையாக வந்தால் வேர்விட்டு ஆண்டுக்கணக்கில் பச்சையாக நிற்குமே தவிர, கணு இல்லாமல் ஒருநாளும் கொடியாகப் படராது என்பதால், தண்டோடு வருமா என்று தனியாகவும் கேட்டேன். “கணுவோடதான் அக்கா அனுப்புவேன், நம்பி வாங்குங்க” என்றார். அந்தச் சொல்லை நம்பி 2,850 ரூபாயையும் முன்கூட்டியே அனுப்பினேன்.

வந்த பார்சலில் இலைகள் ஈரமான டிஷ்யூ தாளில் சுற்றப்பட்டு, காற்றுப் புகாத பாலிதீன் பையில் அடைபட்டிருந்தன. பாதி இலைகள் கண்ணாடிபோல நிறம் மாறி, தொட்டதும் விரலில் கூழாக ஒட்டின. மீதியைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வொன்றின் அடியும் கத்தியால் நேர்கோடாக நறுக்கப்பட்டிருந்தது. காணொளியில் அத்தனை பக்குவமாகக் காட்டிய அந்த அடிநுனி ஒன்றில்கூட இல்லை. ஏயோனியம் இலைகளையும் இடையில் சேர்த்திருந்தார். அந்தச் செடியைத் தண்டுத் துண்டு வைத்துத்தான் பெருக்குவார்கள், தனி இலை வாடித்தான் போகும். ஹோயாவோ வெறும் இலையும் காம்பும்தான், கணு இல்லை.

படங்களோடு முறையிட்டபோது முதலில் கூரியர் தாமதம் என்றார். அடுத்து, பார்சலைப் பிரித்ததை வெட்டில்லாமல் படமெடுத்த காணொளி இல்லையென்றால் புகாரே செல்லாது என்றார். இப்படி ஒரு நிபந்தனை பணம் வாங்கும்போது அவர் வாயிலிருந்து வரவேயில்லை. பிறகு, நான் தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேனாம்! கழற்றிய இலையைச் சில நாள் நிழலில் உலர்த்தி, காயம் ஆறிய பிறகே மண்மேல் வைப்பது வழக்கம். பையிலிருந்து எடுத்து மண்ணையே காட்டாத இலைக்கு நான் எங்கே தண்ணீர் ஊற்றுவது? கடைசியில், “செடி உயிருள்ள பொருள்க்கா, கேரண்டி கிடையாது, அடுத்த ஆர்டர்ல பத்து பர்சென்ட் குறைச்சுக்கிறேன்” என்று முடித்துக்கொண்டார். 2,850 ரூபாயை இழந்தவரிடம் அடுத்த ஆர்டர் கேட்கும் துணிச்சலை என்னவென்று சொல்வது!

விரிவாக ஆலோசனை எழுதும் மனநிலையில் இப்போது இல்லை. இலை வாங்கினால், அனுப்பப்போகும் அதே இலைகளின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். மஞ்சள் விளிம்புள்ள ஸ்னேக் பிளான்ட்டின் இலைத் துண்டை யாராவது விற்றால் வாங்காதீர்கள். முளைப்பது வெறும் பச்சையாகத்தான் இருக்கும். முடிந்தவரை அருகிலுள்ள நர்சரியில் வேரோடு ஒரு முழுச் செடியை வாங்கி, அதிலிருந்து நீங்களே இலை கழற்றுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே முறையில் ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீதையும் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள்.