'கூச்சல்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும் அகராதிச் செயலி

ஆறு மாதமாக ஒரு ஆங்கிலம்-தமிழ் அகராதிச் செயலியைப் பயன்படுத்துகிறேன். சட்டென்று திறக்கிறது, இணையம் இல்லாமலும் வேலை செய்கிறது, விளம்பரத் தொல்லை இல்லை. ஆனால் பொருள் சொல்வதில் கைவிட்டுவிடுகிறது.

கிளாமர் என்ற சொல்லைத் தேடினேன். கவர்ச்சி என்ற பொருளில் நாம் அடிக்கடி சொல்கிறோமே, அது இல்லை. அது ஜி-யில் தொடங்கும், இது சி-யில் தொடங்கும் வேறு சொல், தமிழில் எழுதினால்தான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. செயலி தந்தது இரண்டே சொற்கள்: கூச்சல், சத்தம்.

தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் பாதிதான். பலர் சேர்ந்து ஒன்றை வேண்டியோ எதிர்த்தோ விடாமல் குரல் கொடுப்பதும் கிளாமர்தான். செய்திகளில் பெரும்பாலும் இந்தப் பொருளில்தான் வருகிறது. உரக்கக் கூவுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் இது, இன்சூரன்ஸில் கிளெய்ம் கேட்கிறோமே, அதற்கும் அதே வேர்தான். இதை அறியாமல், தொழிலாளர்கள் கூடுதல் ஊதியத்துக்காக கிளாமர் செய்தார்கள் என்று வந்த ஒரு வரியைச் செயலியை நம்பி 'கூச்சல் போட்டார்கள்' என்று மொழிபெயர்த்துவிட்டேன். நியாயம் கேட்டவர்களை ரகளை செய்தவர்களாக்கிவிட்டது அந்த ஒரு சொல். நண்பர் பார்த்துவிட்டு 'ஊதிய உயர்வு கேட்டுக் குரல் எழுப்பினார்கள்' என்று திருத்தினார். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் போட்டிருந்தால் போதும், இது நடந்திருக்காது. பின்னால் 'ஃபார்' வந்தால் ஒன்றை வேண்டி, 'அகென்ஸ்ட்' வந்தால் ஒன்றை எதிர்த்து, 'டு' வந்தால் ஒன்றைச் செய்யத் துடித்து என்று பொருள் திரும்பும். அப்புறம், அப்ரோர் என்ற சொல்லுக்கும் அதே 'கூச்சல்'தான் போட்டிருக்கிறார்கள். அவையில் அமளி என்கிறோமே, அதுதான் அப்ரோர். அங்கே கோரிக்கை இருந்தாக வேண்டும் என்பதில்லை. கூக்குரல், ஆரவாரம், அமளி, சந்தடி, இரைச்சல் என்று தமிழில் இத்தனை இருக்க, எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைப்பது என்ன நியாயம்?

கிளாமரை அமெரிக்க வழக்கப்படி யூ என்ற எழுத்து இல்லாமல் தட்டினால் 'சொல் இல்லை' என்கிறது. அதுவும் சரியான எழுத்துக்கூட்டல்தான்.

ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன். உச்சரிப்புப் பொத்தானுக்காக மட்டும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்; இரண்டு கிளாமருக்கும் உள்ள வேறுபாடு அதில் காதில் தெளிவாக விழுகிறது.