ஒரே எஃப் 1.2, அறுபத்திரண்டு ஆண்டு இடைவெளி: சென்னை வெளிச்சத்தில் இரண்டு 50 மி.மீ. லென்ஸ்கள்

மார்கழியில் பொழுது புலர்வதற்கு முன், மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனைக் குழுவோடு நடந்துகொண்டே படம் எடுக்க வேண்டுமென்றால், 400 வேகமுள்ள (வேகம் என்பது ஒளியை உணரும் திறன்) கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குக் கிடைக்கும் அளவு பெரும்பாலும் எஃப் 1.2இல் 1/30 விநாடிதான். எஃப் எண் குறையக் குறைய, லென்ஸில் ஒளி நுழையும் துளை பெரிதாகும். அந்தத் தேவைக்காகவே 2016இல் ஒரு பழைய கேனான் 50 மி.மீ. எஃப் 1.2 லென்ஸை வாங்கினேன். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே 50 மி.மீ. குவியத் தூரமும் அதே துளை அளவும் கொண்ட வாய்க்ட்லேண்டர் நாக்டன் லென்ஸையும் வாங்கினேன். முன்னது 1956இல் வெளிவந்த வடிவமைப்பு. பின்னது 2018இல் ஜப்பானின் நாகானோவில் இயங்கும் கொசினா நிறுவனம் வெளியிட்டது. இரண்டையும் ஒரே லைக்கா எம்3 கேமராவில், ஒரே வகையான இல்ஃபோர்ட் எச்.பி.5 பிளஸ் படச்சுருளில், இதே ஊரின் வெளிச்சத்தில் இத்தனை காலம் பயன்படுத்திய பிறகு எனக்குத் தெளிவாகியிருப்பது ஒன்று: எது கூர்மையானது என்ற கேள்வி இங்கே அதிகம் உதவாது, எடுக்கப்போகும் இருட்டுக்குள் மூடாத விளக்கு ஒன்று தெரிகிறதா இல்லையா என்பதைப் பார்த்தாலே எந்த லென்ஸை மாட்ட வேண்டும் என்பது விளங்கிவிடும்.

கேனான் லென்ஸ் பிறந்த காலத்தை நினைவில் கொள்ளாமல் அதன் குணத்தைப் புரிந்துகொள்ள முடியாது. 1953இல் சூனோ எஃப் 1.1, 1954இல் ஃபூஜினான் எஃப் 1.2, 1956இல் நிக்கோர் எஃப் 1.1 என்று ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. அன்று கோடாக்ரோம் வண்ணச் சுருளின் வேகம் வெறும் 10. அந்தி சாய்ந்த பிறகு படம் எடுக்க விரும்பியவருக்குப் பெரிய துளையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. படம் பதிந்தால் போதும் என்ற நிலையில், அதன் ஓரங்கள் சற்றுக் குழைந்திருப்பதை யாரும் பெரிய குறையாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

கேனானில் ஐந்து தொகுதிகளாக ஏழு கண்ணாடிகள். நாக்டனில் ஆறு தொகுதிகளாக எட்டு. எண்ணிக்கையில் வேறுபாடு சிறிதுதான். உண்மையான வேறுபாடு வளைவில் இருக்கிறது. கோள வளைவு கொண்ட கண்ணாடியின் விளிம்பு வழியாக நுழையும் கதிர்களும் நடுவழியே நுழையும் கதிர்களும் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. துளையை முழுவதும் திறந்தால் இந்தப் பிசகு பெருகி, கூர்மையான உருவத்தின் மேல் மெல்லிய ஒளித்திரை ஒன்றைப் படரவிடுகிறது. இதைத் திருத்த, கோளமல்லாத பரப்பு வேண்டும். 1966இல் லைக்காவின் எஃப் 1.2 நாக்டிலக்ஸுக்காக அத்தகைய பரப்புகளை மிகுந்த கைத்திறனோடு ஒவ்வொன்றாகத் தேய்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் அந்த லென்ஸ் இன்று சேகரிப்பாளர்களின் கையோடு நின்றுவிட்டது. நாக்டனில் அதே வகைப் பரப்பு என்னைப் போன்றவர் சேமித்து வாங்கக்கூடிய விலைக்கு வந்திருக்கிறது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

ஒரு நெகட்டிவைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். ஒரு மார்கழிக் காலையில், வாசல் தெளித்துவிட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டியை, அவருடைய அனுமதியோடு, முதலில் கேனானிலும் பிறகு நாக்டனிலும் எடுத்தேன். வெளிச்சம் அவர் வீட்டுத் திண்ணைக்கு உள்ளிருந்து வந்தது. விளக்கு சட்டகத்துக்குள் இல்லை. நாக்டன் நெகட்டிவை லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே நழுவும் மாவின் துகள்களைத் தனித்தனியாகக் காண முடிந்தது. கேனான் நெகட்டிவில் அந்த மாவு ஒரு வெண்ணிற இழையாக மட்டுமே இருந்தது. ஆனால் அவருடைய முகத்தின் நிழல் பக்கம், நாக்டனில் அடர்ந்த கறுப்புக்குள் மூழ்கியிருக்க, கேனானில் சுருக்கங்கள் வரை திறந்து கிடந்தது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு ஒரே அடுக்காக உள்ள பழைய லென்ஸுக்குள் சிதறும் ஒளி நிழல்களின் மேல் கொஞ்சம் தூவப்படுவதால் ஏற்படும் விளைவு இது; வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள மாறுபாடு குறைகிறது, பதிலுக்கு நிழலில் விவரம் தங்குகிறது. நம் ஊர் முகங்களின் மாநிறத்துக்கும் கறுப்புக்கும், வெள்ளை வேட்டிக்கும் அங்கவஸ்திரத்துக்கும் இடையே உள்ள பெரிய இடைவெளியை ஒரே நெகட்டிவுக்குள் அடக்க இது கைகொடுக்கிறது. அந்தப் பாட்டிக்கு நான் அச்சிட்டுக் கொடுத்தது கேனான் படத்தைத்தான்.

விளக்கு சட்டகத்துக்குள் வந்துவிட்டால் கதை தலைகீழாகிறது. நான் கேனானை வாங்கிய புதிதில் நான் நடந்த தெருக்கள் பலவற்றில் மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக வெள்ளை எல்இடி விளக்குகளாக மாற மாற, அதே லென்ஸில் எடுத்த தெருவிளக்குகளைச் சுற்றிப் பெரிய ஒளிவட்டங்கள் தோன்றத் தொடங்கின. லென்ஸ் கெட்டுவிட்டது என்றே முதலில் பயந்தேன். காரணம் வேறு. சோடியம் விளக்கின் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு. வெள்ளை எல்இடியிலோ 450 நானோமீட்டர் அருகே நீலம் உச்சத்தில் நிற்கிறது. பழைய லென்ஸ் நீலத்தையும் மஞ்சளையும் ஒரே தளத்தில் குவிப்பதில்லை, படச்சுருளோ நீலத்தை நன்றாகவே பதிக்கிறது. சோதனைக்காக மஞ்சள் ஃபில்டர் போட்டபோது வட்டங்கள் கண்கூடாகச் சுருங்கின. ஆனால் அந்த ஃபில்டர் ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைக் குடித்துவிடுவதால், எஃப் 1.2 வாங்கியதன் பயனே போய்விடுகிறது. ஊரின் விளக்கு மாறியதால் ஒரு லென்ஸின் பயன்பாட்டு எல்லை சுருங்கியதை நான் நேரில் கண்டது இதுவே முதல் முறை.

கோயம்பேடு பூச்சந்தை இதற்கு இன்னும் கடுமையான தேர்வு. பின்னிரவில் சாமந்திக் குவியல்களுக்கு மேல் தலை உயரத்தில் எல்இடி பல்புகள் அப்படியே தொங்குகின்றன. எங்கே திரும்பினாலும் சட்டகத்துக்குள் இரண்டு மூன்று வந்துவிடும். அங்கே கேனானின் படங்கள் மொத்தமாக வெளிறிப்போயின. மூட்டை இறக்குபவரின் முகம் எங்கே, பின்னால் உள்ள சாக்கு எங்கே என்று பிரிக்க முடியவில்லை. நாக்டனின் பல அடுக்குப் பூச்சு அந்த விளக்குகளை விளக்குகளாகவே நிறுத்தி வைக்கிறது. அதுவும் குறையே இல்லாத லென்ஸ் அன்று: முழுத் துளையில், கிட்டத்தில், அதற்கும் மெல்லிய பளபளப்பு உண்டு, மூலைகள் நன்றாகவே இருளும். இருந்தாலும் எஃப் 2இல் அது எட்டும் தெளிவைக் கேனான் எட்ட எஃப் 4 வரை போக வேண்டியிருக்கிறது.

குவியப்படுத்துவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.2இல் கூர்மையாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. நாக்டன் அனுமதிக்கும் 0.7 மீட்டருக்கு நெருங்கினால் அது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. இமையில் குவித்தால் காது நழுவிவிடும். 0.91 மடங்கு உருப்பெருக்கம் கொண்ட எம்3 வியூஃபைண்டர் இந்த லென்ஸ்களுக்கு ஏற்றதுதான், ஆனால் தூரத்தை அளந்து குவிக்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் இம்மியளவும் பிசகாமல் இருக்க வேண்டும். 2021இல் தொடர்ந்து நான்கு சுருள்களில் முகங்களுக்குப் பின்னால் இருந்த சுவர் கூர்மையாக வந்தது. பழைய லென்ஸின் மேல்தான் சந்தேகப்பட்டேன். நாக்டனை மாட்டி, சாய்த்து வைத்த அளவுகோலை ஒரு மீட்டரில் எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே அளவு பிசகு. ஆகவே குறை கேமராவில். சில வாரங்களுக்கு முன் பேருந்து நெரிசலில் பை கம்பியில் மோதியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரே குவியத் தூரத்தில் இரண்டு லென்ஸ்கள் வைத்திருப்பதால் கிடைக்கும் இந்தச் சாட்சியம் நான் எதிர்பாராத நன்மை. கேனான் திருகு வகை லென்ஸ் என்பதால் எம்3இல் லென்ஸ் மாட்டும் எம் வளையத்துக்கு அடாப்டர் தேவை. வளையத்திலிருந்து படச்சுருள் வரை உள்ள தூரம் திருகு வகையில் 28.8 மி.மீ., எம் வகையில் 27.8 மி.மீ.; அந்த வித்தியாசமான ஒரு மில்லிமீட்டர்தான் அடாப்டரின் தடிமன். அது கொஞ்சம் கூடினாலும் தொலைவில் உள்ள கோபுரம் கூர்மையாகாது என்பதால், மலிவான அடாப்டரை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

பழைய லென்ஸை இந்த ஊரில் வைத்துக் காப்பாற்றுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தந்த விஷயம். 2018 வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கேனானைத் தோல் பையிலேயே இரண்டு மாதம் விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது துளை இதழ்களுக்கு அடுத்த கண்ணாடியில், டார்ச் அடித்தால் மட்டும் தெரியும் புகைபோன்ற படலம். அறுபது ஆண்டுப் பழைய எண்ணெய்ப் பசை ஆவியாகி உள்ளே படிந்திருந்தது. பாரிமுனைப் பக்கத்தில் கேமரா பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அதைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். “இப்ப வந்துடுச்சு தம்பி. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கண்ணாடியையே அரிச்சிருக்கும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். இரண்டு ஆண்டுகளில் படலம் லேசாகத் திரும்பி வந்தது. மறுபடியும் அவரிடமே போனேன். நாக்டனை இதுவரை ஒருமுறைகூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அதன் கறுப்புப் பூச்சு மட்டும் விரல் படும் இடங்களில் தேய்ந்து உலோகம் தெரிகிறது. நான் கேனானை வாங்கிய விலை நாக்டனின் விலையில் பாதிதான் என்றாலும், இரண்டு பராமரிப்புகளையும் அடாப்டரையும் உலர் பெட்டியையும் சேர்த்துப் பார்த்தால் அந்த இடைவெளி பெருமளவு நிரம்பிவிடுகிறது. பழைய லென்ஸ் வாங்குபவர் உலர் பெட்டியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பகல் வெளிச்சத்தில் இந்த ஒப்பீட்டுக்கு அதிக இடமில்லை. மெரினாவில் நண்பகலில் 400 சுருளோடு, எம்3இன் அதிகபட்ச வேகமான 1/1000இல்கூட எஃப் 8க்கும் 11க்கும் இடையில்தான் எடுக்க முடியும். அங்கே இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஃபில்டர் அளவு கேனானுக்கு 55 மி.மீ., நாக்டனுக்கு 52 மி.மீ. என்பதால் எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்க நேர்ந்தது. இரண்டும் வியூஃபைண்டரின் வலது கீழ் மூலையைக் கொஞ்சம் மறைக்கின்றன, பழகிவிடும்.

இப்போது நாக்டன்தான் ஆண்டு முழுவதும் கேமராவில் இருக்கிறது. கேனான் 45 சதவீத ஈரப்பதத்தில் உலர் பெட்டிக்குள் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்து, குவிய வளையத்தை முழுவதும் சுழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். மார்கழி பிறக்கும் அன்று அதை மாட்டி, போகி வரை கழற்றுவதில்லை. பஜனைக் குழு வடக்கு மாட வீதியின் விளக்குக் கம்பங்களுக்குக் கீழே வரும்போது மட்டும், விளக்குக்கு முதுகு காட்டி நின்றுகொள்கிறேன்.