வாரம் ஒருநாள் ஓடும் ரயில்: நீராவியா, மின்சாரமா, பேட்டரியா?

தோட்டத்தில் ஓடும் சின்ன மாதிரி ரயிலுக்கு எந்த எஞ்சின் நல்லது என்பதுதான் கேள்வி. தோட்டம் என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது சிங்கப்பூரில், ஹவ்காங்கில் நாலறை வீவக வீடு, அதாவது அரசு அடுக்குமாடி. ரயில் ஓடுவது சிராங்கூன் கார்டன்ஸில், அக்கா வீட்டுப் பின்பக்கம். அங்கே சுமார் 12 மீட்டர் சுற்று ஒன்றைப் போட்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில் போவேன், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பிவிடுவேன். மற்ற ஆறு நாளும் தண்டவாளம் மழையிலும் வெயிலிலும் தனியாகக் கிடக்கும். எந்த எஞ்சின் என்ற கேள்விக்கு என் பதிலை இந்த ஆறு நாள்தான் முடிவு செய்தது. வீட்டு வாசலிலேயே தோட்டம் இருக்கிறவர்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். இதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. மலாயா ரயில்வே மீட்டர் கேஜ், அதாவது நிஜத் தண்டவாளத்தின் இடைவெளி ஒரு மீட்டர். ஒரு மீட்டரை 45 மில்லிமீட்டராகச் சுருக்கினால் ஏறக்குறைய 22.5-இல் ஒரு பங்கு அளவு வருகிறது. நீலகிரி மலை ரயிலும் மீட்டர் கேஜ்தான் என்பதால் ஊட்டி பெட்டியையும் மலாயா பெட்டியையும் ஒரே தண்டவாளத்தில், ஒரே அளவில் விடலாம். தாத்தா மலாயா ரயில்வேயில் தண்டவாள வேலை பார்த்தவர். தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பிய 2011 ஜூன் 30 இரவு நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன். அதனால் கடையில் வாங்கும் ஐரோப்பியப் பெட்டிகள் வேண்டாம், நானே செய்துகொள்வது என்று இருந்தேன்.

விலை, சத்தம், அழகு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்டவாளத்தில் மின்சாரம் ஓடும் வகையில் ஆரம்பிப்பது சுலபம், செலவும் குறைவு. நீராவி எஞ்சினுக்கு அனுப்பும் கூலியும் பொருள் சேவை வரியும் சேர்த்து ஏறக்குறைய 2,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஆனது. பேட்டரி இரண்டுக்கும் நடுவில். நீராவிக்கு எரிபொருளாக நிலக்கரியும் ஸ்பிரிட்டும் எனக்குச் சரிவராது. நிலக்கரிப் புகைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஸ்பிரிட் சிந்தினால், எரிகிற தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே நான் நீராவி என்று சொல்வது பியூட்டேன் எரிவாயுவில் கொதிக்கும் சின்ன பாய்லரைத்தான்.

முதல் மூன்று வருடம் மின்சாரம்தான் வைத்திருந்தேன். தண்டவாளம் பித்தளை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற ஊர் இது, காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. பித்தளை மேல் பழுப்பாக ஒரு படலம் பிடிக்கும். அது மின்சாரத்தைச் சக்கரத்துக்கு விடாது. எஞ்சின் இரண்டு அடி போகும், இழுத்து இழுத்து நிற்கும், விரலால் தள்ளினால் மறுபடி போகும். படலத்தோடு போனால் பரவாயில்லை. ஆப்பிரிக்க நத்தைகள் இரவில் தண்டவாளத்தின் மேல் ஊர்ந்து பசை பூசிவிட்டுப் போகும். தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புகளுக்குள் எறும்பு மண் சேர்க்கும். இணைப்பில் பச்சை பூத்தால் மின்சாரம் சுற்றின் மறுகோடிக்குப் போவதற்குள் பாதியாகிவிடும். இணைப்புகளுக்குள் மின்சாரம் கடத்தும் பசை தடவிப் பார்த்தேன், தனியாக வயர் இழுத்து நாலு இடத்தில் மின்சாரம் கொடுத்தும் பார்த்தேன். கொஞ்சம் குணம் தெரிந்தது. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் முதல் முக்கால் மணி நேரம் குந்தி உட்கார்ந்து தேய்க்க வேண்டும். ஒருநாள் அத்தான் காப்பியோடு வந்து நின்று, "நீ ரயில் விட வந்தியா, தண்டவாளம் தேய்க்க வந்தியா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. துருப்பிடிக்காத எஃகில் தண்டவாளம் போட்டால் இந்தத் தொல்லை மிகவும் குறையும் என்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவன் நான், அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நீராவிக்குத் தண்டவாளம் வெறும் பாதைதான். பழுப்போ பச்சையோ, அதற்குக் கவலையில்லை. இலையைக் கூட்டிவிட்டு, நத்தைப் பசையை ஈரத்துணியால் துடைத்தால் போதும், பத்து நிமிடம். அப்புறம் பாய்லருக்குத் தண்ணீர், சிலிண்டருக்கு எண்ணெய், தொட்டிக்கு எரிவாயு. பற்றவைத்து ஐந்தாறு நிமிடத்தில் அழுத்தமானியின் முள் 40 பவுண்டைத் தொடும், கார் டயரில் இருப்பதைவிடச் சற்றே அதிகம். ஒரு நிரப்பலுக்கு இருபது நிமிடம் ஓடுகிறது.

பராமரிப்பே இல்லை என்று சொல்லவில்லை. ஓடி முடித்ததும் எண்ணெய் கலந்த தண்ணீரை வடித்து, எஃகுப் பாகங்களைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். ஒரு வாரம் சோம்பலாக விட்டதற்கு இணைப்புத் தண்டில் துரு பூத்துவிட்டது. பாய்லருக்கு மழைத்தண்ணீர் நல்லது, ஆனால் வாளியில் பிடித்து வைக்காதீர்கள். கொசு முட்டையிட்டால் அபராதம் அக்கா பெயரில் வரும். நான் வடிகட்டி மூடிபோட்ட பாட்டிலில் வைக்கிறேன். இந்த வேலைகள் எல்லாம் எஞ்சினோடு சேர்ந்தவை, மடியில் வைத்துக்கொண்டு செய்யலாம். தண்டவாளம் தேய்ப்பது முதுகோடு சேர்ந்தது. ஐம்பதைத் தாண்டியவனுக்கு இந்த வித்தியாசம் போதும்.

நீராவிக்கு வேறொரு விலை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. ரிமோட் இல்லாத எஞ்சினுக்குச் சரிவு ஆகாது. இறக்கத்தில் பறக்கும், ஏற்றத்தில் மூச்சுவாங்கும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம் இருந்தால் பக்கத்திலேயே நடந்துகொண்டு வால்வைத் திருக வேண்டியதுதான். மழைக்கு மண் இறங்கும் தோட்டத்தில் மட்டம் நிற்காது. அதனால் எல்லாவற்றையும் பிடுங்கி, செங்கல் கட்டி, மேலே சிமெண்டுப் பூச்சில் மறுபடி போட்டேன். நாலு சனிக்கிழமை அதிலேயே போனது. மின்சார ரயிலுக்கு இவ்வளவு மெனக்கெடத் தேவையில்லை.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்று, பெட்டிகளில் வந்தது. உண்மையான பெட்டியை அளவுப்படி சுருக்கினாலே 80 சென்டிமீட்டர் வரும், 1.2 மீட்டர் ஆர வளைவில் அது திரும்பாது. ஆகவே ஜன்னல்களைக் குறைத்து அரை மீட்டரில் முடித்தேன். தேக்குச் சட்டம், மெல்லிய பிளைவுட், உலோகச் சக்கரம், கனமாகவே வந்துவிட்டது. மின்சார எஞ்சின் மூன்று பெட்டியோடு திணறியது. நீராவி எஞ்சினுக்கு அந்தக் கனமே கடிவாளம். தனியாக விட்டால் தறிகெட்டு ஓடுகிற எஞ்சின், நாலு பெட்டி மாட்டினால் பதமாக நடக்கிறது. பிளைவுட்டின் ஓரங்களை வார்னிஷ் பூசி அடைக்காவிட்டால் இந்த ஈரத்தில் கூரை வளைந்துவிடும். என் முதல் பெட்டி அப்படித்தான் போனது. புகைபோக்கியிலிருந்து எண்ணெய்த் துளி தெறிக்கும், ஆகவே அழகான பெட்டியை எஞ்சினுக்கு அடுத்து மாட்டாதீர்கள்.

குளிர்நாட்டுக்காரர்கள் பியூட்டேன் ஆவியாகவில்லை என்று தொட்டியை வெந்நீரில் வைப்பார்கள். நமக்குத் தலைகீழ். முதல் ஓட்டம் முடிந்ததும் தொட்டி சூடாக இருக்கும், டப்பாவிலிருந்து எரிவாயு உள்ளே இறங்காது. கால் மணி நேரம் ஆறவிட்டு, தீ ஏதும் அருகில் இல்லாதபோது நிரப்புங்கள். இன்னொரு ஏமாற்றம், மதிய வெயிலில் நீராவி கண்ணுக்கே தெரியாது. மழை விட்ட காலையில் மட்டும் கொஞ்சம் வெள்ளையாக எழும். அதற்காகவே நான் சீக்கிரம் போகிறேன்.

பேட்டரி எஞ்சின் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. அதுவும் தண்டவாளத்தின் அழுக்கைப் பார்ப்பதில்லை, சரிவுக்கும் அஞ்சுவதில்லை. வசதி என்று பார்த்தால் மூன்றில் இதுதான் முதலாவது. இந்தச் சூட்டில் பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு எட்டு மாத அனுபவம் போதாது. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் யோசிக்காமல் பேட்டரி வாங்குங்கள். பாய்லர் கையைச் சுடும்.

என் பேட்டரி எஞ்சினை அக்கா மகனிடமே கொடுத்துவிட்டேன். எரிவாயு டப்பாவும் அங்கேயேதான் இருக்கிறது. எம்ஆர்டி நகர ரயிலில் எரியும் பொருள் கொண்டுபோனால் 5,000 வெள்ளி வரை அபராதம். நீராவி எஞ்சின் மட்டும் தொட்டி காலியாக, பழைய துண்டில் சுற்றி, என் பையில் போய்வருகிறது.